டனிடின் தொடங்க நாலு நாள்: விளாடியை வைத்திருப்போமா, விட்டுவிடுவோமா?

ஐந்நூறாம் தட்டு | 9 பெப்ரவரி 2025, இரவு 8.10

ஊரே அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமான 'சூப்பர் போல்' பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் வாசலில் பனி வழித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எனக்கு வருடப்பிறப்பு ஜனவரியிலும் இல்லை, சித்திரையிலும் இல்லை. ஃபுளோரிடாவில், டனிடினில், எங்கள் பேஸ்போல் அணி ரொறன்ரோ புளூ ஜேஸின் பிட்சர்களும் (எறிபவர்கள்) கேட்சர்களும் (பிடிப்பவர்கள்) முதல் நாள் பந்தைக் கையில் எடுக்கிறார்களே, அன்றுதான். அது இந்த வாரம். முழு அணியும் 18ஆம் தேதி இறங்குகிறது.

போன வருடத்தை நல்லபடியாக மறந்துவிட்டவர்களுக்கு: 74 வெற்றி, 88 தோல்வி, அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவில் கடைசி. புல்பென், அதாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கி எறிகிற பிட்சர்கள், 30 அணிகளில் 29ஆம் இடம், எங்களுக்குக் கீழே கொலராடோ மட்டும். அதற்குப் பிறகு வந்த இந்தக் குளிர்காலத்தில் நடந்ததைச் சுருக்கினால் இப்படி: பெரிய மீன் மூன்றுக்குத் தூண்டில் போட்டோம், மூன்றும் நழுவின. ஹுவான் சோட்டோ 15 வருடம், 765 மில்லியன் டொலருக்கு நியூயோர்க் மெட்ஸ். கோர்பின் பர்ன்ஸ் அரிசோனா. ரோக்கி சசாக்கி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். இவர்களை வைத்து டிசம்பரிலேயே அணி வரிசை எழுதிப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கோ. நானும் தூக்குகிறேன்.

கிடைத்தவர்கள்: ஆன்ட்ரேஸ் ஹிமெனஸ், ஜெஃப் ஹொஃப்மன், அன்டனி சன்டான்டேர், நாற்பது வயது மக்ஸ் ஷெர்சர். யிமி கார்சியா திரும்பி வந்திருக்கிறார். மோசமில்லை. ஆனால் இதெல்லாம் கறி, கூட்டு. சோறு இன்னும் வரவில்லை. எங்கள் விளாடிக்கு, அதாவது விளாடிமிர் கெரெரோ ஜூனியருக்கு, இன்றுவரை நீண்ட ஒப்பந்தம் இல்லை. 18ஆம் தேதிக்குள் முடியாவிட்டால் சீசன் நடக்கும்போது பேசமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். என்ன நினைக்கிறீர்கள்?

---

மிசிசாகா மணி | 9 பெப்ரவரி, இரவு 8.32

அண்ணா, நான் 2022இல்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தவன், கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும். ஜனவரியில் விளாடிக்கு 28.5 மில்லியன் என்று செய்தி வந்ததே? அப்புறம் எதற்கு மறுபடியும் ஒப்பந்தம்?

---

கணக்குப்பிள்ளை | 9 பெப்ரவரி, இரவு 8.51

மணி, அது இந்த ஒரு வருடத்துக்கு மட்டும். பெரிய லீகில் ஆறு வருட சர்வீஸ் முடியும்வரை ஆட்டக்காரர் அணியின் பிடியில் இருப்பார். முதல் மூன்று வருடம் அணி கொடுப்பதுதான் சம்பளம். அதன் பிறகு ஆர்பிட்ரேஷன். ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், பேசி முடியாவிட்டால் மூன்று நடுவர்களிடம் போகும். அவர்கள் நடுவில் வெட்டிக் கொடுக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

2024இல் விளாடி 19.9 கேட்டார், அணி 18.05 சொன்னது. விளாடி வென்றார். அந்த விசாரணையில் என்ன நடக்கும் தெரியுமா? உன் சொந்த அணி சட்டத்தரணியை வைத்து, நீ ஏன் அவ்வளவு பெறுமதி இல்லாதவன் என்று உன் முன்னாலேயே வாதாடும். இரண்டு மில்லியனுக்குக் குறைவான வித்தியாசத்துக்கு அப்படி ஒரு நாள் தேவையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இந்த வருடம் அறைக்குப் போகாமலே 28.5க்கு முடித்துவிட்டார்கள், அந்தளவுக்குப் புத்தி வந்திருக்கிறது.

2025 முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். யாரும் வாங்கலாம்.

---

மிசிசாகா மணி | 9 பெப்ரவரி, இரவு 8.58

புரிந்தது. ஐ.பி.எல்.லில் ரீட்டெய்ன் பண்ணாமல் ஏலத்துக்கு விடுவது மாதிரி. நம்ம ஊர்க்காரர்கள் இதில் கில்லாடிகள். தோனியை 'அன்கேப்ட்' கணக்கில் 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்களே! டொராண்டோவுக்கு அந்த மாதிரி ஒரு சந்து கிடைக்காதா?

---

இரவுப்பணி | 9 பெப்ரவரி, இரவு 9.20

மணி தம்பி, சந்து தேடித்தான் சசாக்கியிடம் மொக்கை வாங்கினோம்.

தெரியாதவர்களுக்கு: சசாக்கிக்கு 25 வயதாகவில்லை. அதனால் ஜப்பானில் என்னதான் எறிந்திருந்தாலும் இங்கே அவர் 'அமெச்சூர்' கணக்கு. ஒவ்வொரு அணிக்கும் அதற்கென்று ஒரு குறிப்பிட்ட பெட்டிக்காசு, அதற்கு மேல் கொடுக்க முடியாது. பெட்டியைப் பெரிதாக்க வேண்டுமென்று கிளீவ்லாந்திடம் 2 மில்லியன் பெட்டிக்காசை வாங்கினார்கள் எங்கள் ஆட்கள். சும்மா கொடுப்பார்களா? "இவரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்" என்று மைல்ஸ் ஸ்ட்ரோவைத் தலையில் கட்டினார்கள். போன வருடம் பெரும்பாலும் மைனர் லீகில் இருந்தவர். அன்று பின்னேரமே சசாக்கி, நான் டொட்ஜர்ஸ் போகிறேன் என்றார்.

அங்குசத்தை முதலில் வாங்கினோம், யானை லொஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. கையில் மிஞ்சியது ஸ்ட்ரோ. வைக்கோல்!

---

ஐந்நூறாம் தட்டு | 9 பெப்ரவரி, இரவு 9.24

அக்கா :))) தேத்தண்ணி கீபோர்ட்டில் கொட்டிப்போச்சு.

---

பழைய பறவை | 9 பெப்ரவரி, இரவு 10.05

சசாக்கிக்கு டொட்ஜர்ஸ் கொடுத்தது 6.5 மில்லியன். எங்கள் பெட்டியில் எட்டுக்கு மேல் இருந்தது. ஆகவே காசு இல்லை பிரச்சினை, பிள்ளைகள். அதைத்தான் நான் யோசிக்கிறேன். 2023 டிசம்பரில் ஜப்பான் நட்சத்திரம் ஒஹ்டானி விஷயத்திலும் அதேதான்.

---

ஐந்நூறாம் தட்டு | 9 பெப்ரவரி, இரவு 10.31

ஐயா அந்தக் கதையைத் தொடாமல் இருந்திருக்கலாம். இப்போது நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. நான் அப்போது பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனி விமானம் ரொறன்ரோவுக்குக் கிளம்பிவிட்டது, ஒஹ்டானி அதற்குள்தான் என்று செய்தி. களஞ்சியத்தில் பதினைந்து பேர் ஒரு ஃபோனைச் சுற்றி நிற்கிறோம். வரைபடத்தில் சின்ன மஞ்சள் விமானம் ஒன்று நகருகிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற போலந்துக்காரர் ஒருவர், பேஸ்போலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், "மிச்சிகனுக்கு மேலே வந்துவிட்டது" என்று எனக்கு நேரடி வர்ணனை செய்கிறார். இடைவேளையில் வெளியே போய் வானத்தைப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பார்த்தேன்.

கதவு திறந்தது, இறங்கியவர் ரொபர்ட் ஹெர்ஜவெக். தொலைக்காட்சியில் வியாபாரங்களுக்கு முதல் போடுகிறாரே, அவர். குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறார், பாவம்.

மறுநாள் ஒஹ்டானி டொட்ஜர்ஸ், 10 வருடம், 700 மில்லியன். அந்தப் போலந்துக்காரர் திங்கட்கிழமை வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒன்றும் கதைக்கவில்லை.

---

பொஸ்ரன் மாப்பிள்ளை | 10 பெப்ரவரி, காலை 7.02

ஹஹா. ஸ்காபரோவில் வளர்ந்து பொஸ்ரனில் பெண் எடுத்தவன் என்ற முறையில் இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த விமான இரவு மாதிரி ஒன்று இங்கே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஹிமெனஸை ஏன் எல்லோரும் லேசாகக் கடந்து போகிறீர்கள்? இரண்டாம் பேஸில் மூன்று வருடம் தொடர்ந்து தங்கக் கையுறை (பந்து தடுப்புக்கான விருது), 2023இல் லீகின் பிளாட்டினம் கையுறை. அவர் பந்தை எடுத்து எறிகிற வேகத்தை இங்கே பொஸ்ரன் மைதானம் ஃபென்வேயில் நேரில் பார்த்திருக்கிறேன். பந்து கையுறைக்குள் போனதே தெரியாது, கைமாறி வெளியே வந்துவிடும். சத்தம் மட்டும்தான் கேட்கும்.

---

கணக்குப்பிள்ளை | 10 பெப்ரவரி, காலை 8.15

கையுறை சரி. மட்டை? போன வருடம் .252 சராசரி, 9 ஹோம் ரன் (மதிலைத் தாண்டுகிற அடி). அவருடைய 7 வருட, 106.5 மில்லியன் ஒப்பந்தத்தில் இனி வருவதெல்லாம் சம்பளம் கூடுகிற வருடங்கள், 2029 வரை. கிளீவ்லாந்து கஞ்சத்தனத்தில் பேர்போன இடம். அவர்கள் ஒரு பொருளைச் சிரித்த முகத்தோடு விற்றால் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அதுவும் ஸ்பென்சர் ஹோர்விற்சைக் கொடுத்து! மலிவான ஆள், பந்தைப் பொறுமையாகப் பார்த்து அடிப்பவர். கிளீவ்லாந்து அவரை அன்றிரவே பிட்ஸ்பேர்க்குக்குத் தள்ளிவிட்டது வேறு.

எனக்கு இந்தக் குளிர்காலத்தில் உண்மையாகப் பிடித்த ஒரே ஒப்பந்தம் ஹொஃப்மன். 3 வருடம், 33 மில்லியன். போன வருடம் ஃபிலடெல்ஃபியாவில் 66 இன்னிங்சில் 89 ஸ்ட்ரைக் அவுட் (எறிந்தே ஆளை வெளியேற்றுவது). குளோசர் (கடைசி இன்னிங்சை எறிந்து முடிப்பவர்) இல்லாமல் நின்ற வீட்டுக்குக் கதவு போட்ட மாதிரி.

---

இரவுப்பணி | 10 பெப்ரவரி, காலை 8.40

ஹொஃப்மனின் தோளைப் பார்த்துவிட்டு பால்டிமோர் பேசின ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கியது என்று செய்தி வந்ததே, அதையும் கணக்கில் எழுதுங்கோ. நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். ஒரே ஸ்கானைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் இரண்டு கதை சொல்வது எனக்குப் புதிதில்லை. பிட்சரின் தோளைப் படம் எடுத்தால் எப்போதும் ஏதாவது தெரியும். நாற்பது வயதுக்காரரின் முதுகு மாதிரி. கேள்வி, வலிக்கிறதா இல்லையா என்பதுதான்.

ஆனால் அந்தப் பிள்ளையின் கதை எனக்குப் பிடிக்கும். 2014இல் நாங்கள்தான் முதல் சுற்றில் எடுத்தோம். அடுத்த வருடம் டுலோவிற்ஸ்கி வேண்டுமென்று கொலராடோவுக்குக் கொடுத்தோம். பத்து வருடம் ஊர் சுற்றிவிட்டு, 32 வயதில், குளோசராக வீட்டுக்கு வருகிறார்.

---

மிசிசாகா மணி | 10 பெப்ரவரி, மதியம் 12.20

ஷெர்சரைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு அவர்தான் பெரிய விஷயம். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு! பிட்ச் போடுவதற்கு முன்னால் அவர் மவுண்டை (எறிகிற மேட்டை) சுற்றி நடக்கிறதைப் பார்த்தால், வட்டிக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை | 10 பெப்ரவரி, மதியம் 12.45

மூன்று சை யங் (சிறந்த பிட்சர் விருது), இரண்டு உலகத்தொடர் வெற்றி மோதிரம், 3,400 ஸ்ட்ரைக் அவுட். எல்லாம் சரி. போன வருடம் ஒன்பதே ஆட்டம். ஒரு வருடம், 15.5 மில்லியன். நாற்பது வயதுக் கட்டைவிரலுக்கு உத்தரவாத அட்டை கிடையாது, மணி.

---

ஐந்நூறாம் தட்டு | 10 பெப்ரவரி, மாலை 6.10

இருக்கட்டும் கணக்கர். எங்கள் பிட்சர் போடன் ஃபிரான்சிஸ் போன்ற ஆள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாதம் கேட்டாலே போதும். போன ஓகஸ்ட், செப்டெம்பரை நினைத்துப் பாருங்கோ. மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. இரண்டு தடவையும் அந்த இன்னிங்சின் முதல் ஆள் ஹோம் ரன் அடித்தார்! ஒரு தடவை ஏஞ்சல்சின் டெய்லர் வார்ட், மற்றத் தடவை மெட்சின் லின்டோர். கடைசி இடத்தில் கிடந்த அணிக்காக அன்று இரவு நான் மனைவிக்குத் தெரியாமல் குளியலறையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சோற்றைத் தொடாமல் போகிறீர்கள். விளாடி?

---

கணக்குப்பிள்ளை | 10 பெப்ரவரி, இரவு 9.00

சரி, தொடுகிறேன். திட்டாமல் வாசியுங்கோ.

340 மில்லியன் அளவில் அணி பேசியது, அது காணாது என்று விளாடியே டிசம்பரில் சொன்னார். சோட்டோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இப்போது 500 பக்கம் பேச்சு. போன வருடம் அவர் .323, 30 ஹோம் ரன், 103 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் வந்த ஓட்டங்கள்). அற்புதம். அதற்கு முதல் வருடம்? .264, 26. 2021இல் 48 அடித்தவர் பிறகு ஒரு தடவையும் 35ஐத் தாண்டவில்லை. எந்த விளாடிக்குக் காசு கொடுக்கிறோம்?

இரண்டாவது, அவர் முதல் பேஸ்காரர். பெரிய உடம்பு. முதல் பேஸ்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். புஹோல்சுக்கு ஏஞ்சல்ஸ் 10 வருடம், 240 மில்லியன் கொடுத்து, கடைசி வருடம் முடியுமுன்னே வெளியே அனுப்பினார்கள். மிகேல் கப்ரேராவுக்கு டிட்ரோயிட் கொடுத்த 248 மில்லியனின் கடைசிப் பாதி முழுக்கப் பிரியாவிடை விழாதான்.

மூன்றாவது, எங்கள் ரிக்கெற் காசு கனடிய டொலர், சம்பளம் அமெரிக்க டொலர். இன்றைய தேதிக்கு ஒன்றுக்கு 1.43 அளவில். 500 மில்லியன் என்றால் எங்கள் காசில் 700க்கு மேல்.

அவர் கையெழுத்துப் போடமாட்டார் என்பது என் கணிப்பு. போடாமல் இருந்தாலும் உலகம் அழியாது.

---

இரவுப்பணி | 10 பெப்ரவரி, இரவு 9.14

போடுவார். இந்த 18ஆம் தேதி இல்லாவிட்டாலும் நவம்பருக்குள் போடுவார். பந்தயம்?

---

கணக்குப்பிள்ளை | 10 பெப்ரவரி, இரவு 9.16

ஐம்பது ரோல்ஸ்.

---

இரவுப்பணி | 10 பெப்ரவரி, இரவு 9.17

சரி. எல்லோரும் சாட்சி.

---

பொஸ்ரன் மாப்பிள்ளை | 10 பெப்ரவரி, இரவு 10.40

கணக்குப்பிள்ளை அண்ணைக்கு ஒரு எதிர்க்கணக்கு. புஹோல்ஸ் ஏஞ்சல்ஸ் வந்தபோது 32 வயது. கப்ரேராவின் அந்த நீட்டிப்புத் தொடங்கியபோது 32 முடிந்து 33. விளாடிக்கு வருகிற மார்ச் 16தான் 26 ஆகிறது. சோட்டோவின் வயதுதான். நீங்கள் கிழட்டு மாட்டின் விலையை வைத்துக் கன்றுக்குப் பேரம் பேசுகிறீர்கள்.

முதல் பேஸ்காரரை விட்டவன் கதையும் இருக்கிறது. ஃபிரெடி ஃபிரீமன். அட்லாண்டா அணியில் வளர்ந்து, 2021இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஒப்பந்தம் இழுபட்டது, டொட்ஜர்ஸ் போனார். போன ஒக்டோபரில் யாங்கீசுக்கு எதிராக, முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், பேஸ் மூன்றும் நிறைந்திருக்க அவர் அடித்ததை எத்தனை தடவை பார்த்தீர்கள்?

இங்கே பொஸ்ரனில் மூக்கி பெட்சின் பெயரைச் சொன்னால் இன்றும் என் மாமனார் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். அதுவும் இதே பெப்ரவரி மாதம்தான், 2020இல், ஸ்பிரிங் ட்ரெய்னிங் (சீசனுக்கு முந்திய பயிற்சி) தொடங்குகிற நேரத்தில் அவரை டொட்ஜர்சுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் "கணக்குப் பார்த்தால் சரிதான்" என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

---

பழைய பறவை | 11 பெப்ரவரி, காலை 6.20

நித்திரை வரவில்லை, எழுதுகிறேன்.

நான் முதலில் வந்து இறங்கியது மொன்றியல். 99இல் அங்கே ஒலிம்பிக் மைதானத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போவேன், எக்ஸ்போஸ் ஆட்டம் பார்க்க. சனமே இருக்காது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். வலது பக்க அவுட்ஃபீல்டில் இந்தப் பிள்ளையின் தகப்பன் நிற்பார். கையுறை கூடப் போடாமல் அடிப்பார். நிலத்தில் குத்தி எழும்பிய பந்தையும் விடமாட்டார். அந்த வருடம் மார்ச்சில்தான் மொன்றியலில் விளாடி பிறந்தது. பிறகு 2004 சீசனோடு அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

2018 மார்ச் 27. ஸ்பிரிங் ட்ரெய்னிங் முடிகிற கடைசி ஆட்டத்தை புளூ ஜேஸ் மொன்றியலில் வைத்தார்கள். கார்டினல்சோடு. மகன் இரண்டு ரிக்கெற் எடுத்தான், 401 நெடுஞ்சாலையில் ஐந்தரை மணி நேரம் ஓடிப் போனோம். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஓட்டம் இல்லாமல் சமநிலை. பத்தொன்பது வயதுப் பையன், தகப்பனின் அதே 27ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தான். அடித்தான். போய்விட்டது. 1-0.

வெறும் பயிற்சி ஆட்டம். எந்தப் புள்ளிவிவரத்திலும் சேராது. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவர் பழைய எக்ஸ்போஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். எனக்கு பிரெஞ்சு மறந்துபோச்சு, அவருக்கு இங்கிலிஷ் வராது.

கணக்குப்பிள்ளை தம்பி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒஹ்டானி, சோட்டோ, சசாக்கி மூன்று பேரும் வராமல் போனதற்கு ஏதோ காரணம் இருந்தது. இங்கே பிறந்தவன், இங்கே இருக்க விரும்புகிறேன் என்று சொல்பவன் ஒருவன் இருக்கிறான். அவனிடமும் சில்லறை பார்த்தால், பிறகு யார் வருவார்கள்?

---

மிசிசாகா மணி | 11 பெப்ரவரி, காலை 9.05

ஐயா, அலுவலகத்தில் படித்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது. அவரைக் கையெழுத்துப் போட வைக்க ஏதாவது கோயிலில் அர்ச்சனை பண்ணலாமா? ரிச்மண்ட் ஹில் பக்கத்தில்தான் இருக்கிறது.

---

ஐந்நூறாம் தட்டு | 11 பெப்ரவரி, காலை 9.30

நட்சத்திரம் தெரிய வேண்டுமே தம்பி. மார்ச் 16, 1999, மொன்றியல். யாராவது பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுங்கோ.

---

பொஸ்ரன் மாப்பிள்ளை | 13 பெப்ரவரி, காலை 6.45

காலை வணக்கம். அலெக்ஸ் பிரெக்மன் எங்களுக்கு. 3 வருடம், 120 மில்லியன். ஏற்கெனவே பிட்சர் கரெட் குரொஷே வந்தாச்சு. வேறு ஒன்றும் சொல்லவில்லை, குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கோ.

---

இரவுப்பணி | 13 பெப்ரவரி, காலை 7.30

மாப்பிள்ளை, உங்கள் ஊரில் மூன்றாம் பேஸில் ஏற்கெனவே ரஃபேல் டெவர்ஸ் நிற்கிறார். இரண்டு பேரையும் மடியில் மடியாக உட்கார வைக்கப் போகிறீர்களா? முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாங்கோ.

இரவு முழுக்கப் பனி. வேலை முடிந்து வர ஏஜாக்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். முன்னால் போன பனி வாரும் லொறியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வானொலியில் டனிடினிலிருந்து செய்தி. பின்னணியில் கேட்சர் கையுறையில் பந்து விழுகிற சத்தம், டப், டப் என்று. அங்கே வெயில், இங்கே எனக்கு வைப்பரில் பனிக்கட்டி. அந்த டப்புக்காக வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன்.

---

ஐந்நூறாம் தட்டு | 13 பெப்ரவரி, மாலை 5.50

நாங்கள் வழக்கமாக மார்ச் இடைவிடுமுறைக்குப் பிள்ளைகளோடு டனிடின் போவோம். இந்த வருடம் வீட்டில் வாக்கெடுப்பு. கனடாவுக்கு வரி, கனடா 51ஆவது மாநிலம் என்று அங்கே கதைக்கிற கதைக்குப் பிறகு மனைவி போகவேண்டாம் என்கிறாள். மகளும் அதே. மகனுக்கு மட்டும் ஷெர்சரிடம் கையெழுத்து வேண்டும். இரண்டுக்கு ஒன்று. நான் வாக்களிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

---

கணக்குப்பிள்ளை | 13 பெப்ரவரி, இரவு 8.05

நல்ல முடிவு. அந்த டொலர் விலைக்கு ஹொட்டேல் எடுத்தால் ஷெர்சரின் சம்பளத்தில் பாதி போகும்.

சன்டான்டேரைப் பற்றியும் ஒரு வார்த்தை, யாரும் எழுதாததால். 5 வருடம், 92.5 மில்லியன், அதில் பெரும்பகுதியைப் பிந்திக் கொடுப்பதாக ஏற்பாடு. 44 ஹோம் ரன் அடித்தவர் என்று எல்லோரும் துள்ளுகிறார்கள். .308தான் அவருடைய ஓ.பி.பி. (அவுட் ஆகாமல் பேசுக்குப் போகிற விகிதம்). அடித்தால் மதிலுக்கு வெளியே, இல்லாவிட்டால் வாங்குக்குத் திரும்பு. ஆனாலும் விளாடிக்குப் பின்னால் இப்படி ஒருவர் நின்றால், விளாடியை அடிக்கவிடாமல் முதல் பேசுக்குச் சும்மா நடக்கவிட்டு அனுப்புகிற பிட்சர் கொஞ்சம் யோசிப்பார். இதை நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லவேண்டாம்.

---

மிசிசாகா மணி | 17 பெப்ரவரி, இரவு 11.10

யாராவது விழித்திருக்கிறீர்களா? ஃபோனை ரெஃப்ரெஷ் பண்ணிப் பண்ணி விரல் தேய்ந்துவிட்டது. ஒன்றும் இல்லை.

---

ஐந்நூறாம் தட்டு | 17 பெப்ரவரி, இரவு 11.12

விழித்திருக்கிறேன். மறுபடியும் குளியலறையில்.

---

ஐந்நூறாம் தட்டு | 18 பெப்ரவரி, மதியம் 12.40

முடிந்தது. ஒப்பந்தம் இல்லை. விளாடியே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்துத் தொகையும் ஒத்துவரவில்லையாம். இங்கே இருக்கத்தான் விருப்பம், ஆனால் சந்தைக்கும் போவேன் என்கிறார். பிறகு போய்ப் பயிற்சி எடுத்தார்.

எங்கள் இன்னொரு நட்சத்திரம் போ பிஷெட்டின் ஒப்பந்தமும் இதே வருடம் முடிகிறது என்பதை நினைவூட்டி எல்லோருடைய மதியச் சாப்பாட்டையும் கெடுக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை | 18 பெப்ரவரி, மதியம் 12.58

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

---

இரவுப்பணி | 18 பெப்ரவரி, மாலை 4.00

நவம்பர் வரை என்றுதான் பந்தயம். ஆவணத்தைப் பாருங்கோ கணக்கர்.

---

பழைய பறவை | 18 பெப்ரவரி, மாலை 6.30

22ஆம் தேதி முதல் பயிற்சி ஆட்டம். மகன் வருகிறான், சேர்ந்து பார்ப்போம். அவன் இப்போது மொட்டை, நான் அவனுக்குச் சொல்லவில்லை.

---

இரவுப்பணி | 7 ஏப்ரல் 2025, காலை 6.12

இழையைத் தூசு தட்டுகிறேன். 14 வருடம். 500 மில்லியன். பிந்திக் கொடுக்கிற காசு ஒரு சதம் இல்லை. வார்டில் செய்தி பார்த்துக் கத்தியதில் ஒரு நோயாளி எழும்பிவிட்டார். அவரும் ஜேஸ் ஆளாம், பிறகு அவரும் கத்தினார்.

@கணக்குப்பிள்ளை

---

மிசிசாகா மணி | 7 ஏப்ரல், காலை 6.40

அர்ச்சனை பண்ணியது நான்தான். உண்மையாகவே போனேன். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பேருக்கே பண்ணச் சொன்னேன்.

---

கணக்குப்பிள்ளை | 7 ஏப்ரல், காலை 7.05

ஆட்டிறைச்சியா, கோழியா? மரக்கறி என்றால் இப்போதே சொல்லுங்கோ, கடைக்காரர் முதல் நாளே ஓடர் கேட்பார்.